முப்பது ரூபாய் வழக்கும் இருபது வியாபாரிகளும்: ஒரு தனி வக்கீலின் வருமானக் கணக்கு

பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட், சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம். எதிர்வாதி மமீபாய் என்ற பெண். எளிய வழக்கு, ஒரே நாளில் முடிந்துவிடக்கூடியது. பேசியிருந்த பீஸ் 30 ரூபாய். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய மமீபாயின் வக்கீல் எழுந்தார். எழுந்ததும் தலை சுற்றியது. தன்னோடு சேர்ந்து கோர்ட்டே சுற்றுவதுபோல் இருந்தது. கேட்க ஒரு கேள்விகூட மனதில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரருக்காக வந்திருந்த ஏஜென்டைக் கூப்பிட்டு, "இந்த வழக்கை என்னால் நடத்த முடியாது, படேலை வைத்துக்கொள்ளுங்கள், என் பீஸைத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார். படேலுக்கு 51 ரூபாய் பேசி வழக்கு நடந்தது. முடிவு என்ன ஆனது என்றுகூடப் பார்க்காமல் அவர் வெளியேறினார். தென்னாப்பிரிக்கா போகும்வரை மறுபடி கோர்ட்டில் வழக்கு நடத்தவில்லை.

அந்த வக்கீல் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இந்தச் சம்பவத்தைக் கூச்ச சுபாவத்துக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மாவட்ட நீதிமன்றத்தில் இருபது வருடத்துக்கு மேல் தனியாகத் தொழில் செய்கிற எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 1891இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு வக்கீல் தொழில் செய்த அவர், எந்த ஊரில் எவ்வளவு சம்பாதித்தார், யார் மூலம் வழக்கு வந்தது, எங்கே பணம் போனது என்பதையெல்லாம் தன் வாழ்க்கைக் கதையில் ரூபாயும் பவுண்டுமாக எழுதி வைத்திருக்கிறார். தனி வக்கீலின் வருமானம் எதனால் வருகிறது, எதனால் வராமல் போகிறது என்பதற்கு இவ்வளவு வெளிப்படையான கணக்கு வேறு எங்கும் என் கண்ணில் பட்டதில்லை. தனியாக ஆபீஸ் போடலாமா என்று யோசிக்கிற ஜூனியர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

பம்பாய்: வேலை வரும் வழி இல்லாத ஆறு மாதம்

1891 ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார். மறுநாள் பதிவு, அதற்கு மறுநாள் ஊருக்குக் கப்பல். சட்டம் படித்தாயிற்று, ஆனால் ஒரு பிராது எழுதக்கூடத் தெரியாது என்று அவரே சொல்கிறார். இந்துச் சட்டம், முகமதியச் சட்டம் எதுவும் படிப்பில் இல்லை. பம்பாயில் வீடு எடுத்து, சமையலுக்கு ஆள் வைத்து, சிவில் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் உட்கார்ந்து படித்தார். வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடிக்க கிர்காமிலிருந்து ஐகோர்ட்டுக்கு முக்கால் மணி நேரம் நடந்தே போய்வந்தார். போன இடத்தில் வழக்கு ஒன்றும் புரியாமல் தூங்கி வழிந்த நாள்களும் உண்டு. செலவு மாதாமாதம் ஏறியது, வரவு இல்லை. தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க மாதம் 75 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பட்டதாரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வழக்கு வேண்டுமானால் தரகருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மாட்டேன் என்றார். மாதம் மூவாயிரம், நாலாயிரம் சம்பாதிக்கிற பெரிய கிரிமினல் வக்கீலே கொடுக்கிறாரே என்றார்கள். "எனக்கு மாதம் 300 ரூபாய் போதும், என் அப்பாவும் அதற்கு மேல் வாங்கவில்லை" என்று பதில் சொன்னார்.

மறுத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தரகர் தொல்லை அன்றோடு ஒழிந்துவிடவும் இல்லை. வழக்குத் தரகர்களைப் பட்டியலிடும் அதிகாரம் வக்கீல்கள் பற்றிய 1879ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2023இல் அந்தப் பழைய சட்டத்தை நீக்கியபோதும், இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் விடாமல் வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் வருமானக் கணக்கு என்று பார்த்தால், பம்பாயில் காந்தி அந்த வழியை அடைத்தபோது அதற்குப் பதிலாக வேறு வழி அவர் கையில் இல்லை. அந்த ஊரில் சொந்தக்கார வக்கீல் இல்லை, சீனியர் இல்லை, தெரிந்த வியாபாரி இல்லை. மமீபாய் வழக்கை அவர் நன்றாக நடத்தி ஜெயித்திருந்தாலும் வந்திருப்பது 30 ரூபாய்தான். அடுத்த வழக்கு எங்கிருந்து வரும் என்பதற்கு அன்றும் பதில் இருந்திருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 30 ரூபாய்க்கு வந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார் என்றதும் அதே கட்சி 51 ரூபாயை உடனே எடுத்துக் கொடுத்திருக்கிறது. பீஸைக் குறைத்தால் கட்சிக்காரர் வருவார் என்று நம்பும் ஜூனியர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ராஜ்கோட்: 300 ரூபாயும் அதன் கூரையும்

ஆறு மாதத்தில் பம்பாய் ஆபீஸை மூடிவிட்டு ராஜ்கோட் வந்தார். அங்கே மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்ததில் சராசரியாக மாதம் 300 ரூபாய் வந்தது. பம்பாயில் போதும் என்று சொன்ன அதே தொகை. ஆறு மாதத்தில் திறமை கூடிவிடவில்லை. அண்ணன் அங்கே சின்ன வக்கீல், அவருடைய கூட்டாளி வேரூன்றிய வக்கீல். முக்கியமான வேலை பெரிய பாரிஸ்டர்களுக்குப் போகும், ஏழைக் கட்சிக்காரர்களின் மனுக்கள் காந்தியிடம் வரும். இது தன் திறமைக்கு வந்த பணம் இல்லை, செல்வாக்குக்கு வந்த பணம் என்று அவரே எழுதுகிறார். வேலை அனுப்பும் வக்கீல்களுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கத்துக்கும் அங்கே இணங்க வேண்டியிருந்தது. அண்ணன் வற்புறுத்தினார், தம்பி விட்டுக்கொடுத்தார்.

நம்மில் பலருடைய முதல் ஐந்து வருடம் இந்த ராஜ்கோட்தான். பணம் வரும், குடும்பம் ஓடும். ஆனால் அனுப்புகிறவர் நிறுத்தினால் நின்றுவிடும். எந்த மாதிரி வேலை என்பதையும் அனுப்புகிறவரே முடிவு செய்வார். காந்திக்கு இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் வந்தது. அண்ணனுக்காகப் பேசப் போன இடத்தில், சமஸ்தானங்களை மேற்பார்க்கும் பிரிட்டிஷ் அதிகாரியான பொலிட்டிக்கல் ஏஜென்டோடு தகராறு ஆகிவிட்டது. அவருடைய வேலையில் பெரும்பகுதி நடக்க வேண்டியது அந்த ஏஜென்டின் கோர்ட்டில். ஒரே கோர்ட்டை நம்பித் தொழில் செய்யும் தனி வக்கீலுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

அந்த நேரத்தில்தான் தென்னாப்பிரிக்காவில் வியாபாரம் செய்த தாதா அப்துல்லா கம்பெனியிலிருந்து, அவர்கள் வழக்கு ஒன்றுக்காக அழைப்பு வந்தது. ஒரு வருடத்துக்கு 105 பவுண்டு, முதல் வகுப்பில் போக வர டிக்கெட், தங்கும் செலவு அவர்களுடையது. அன்றைய மாற்று விகிதத்தில் பவுண்டுக்கு 15, 16 ரூபாய். அப்படியானால் வருடத்துக்கு 1,700 ரூபாய்க்கும் குறைவு. ராஜ்கோட் வருமானம் வருடம் 3,600. கைக்கு வரும் பணம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பாரிஸ்டராகப் போவதாக இதைச் சொல்ல முடியாது, கம்பெனி ஊழியனாகப் போவதுதான் என்று அவருக்கே தெரிந்திருந்தது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். சாப்பாடும் இடமும் அவர்கள் பொறுப்பு என்பதால் 105 பவுண்டை அப்படியே அண்ணனுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டார். 1893இல் டர்பனில் இறங்கினார்.

பிரிட்டோரியா: கணக்குப் புத்தகம்

பிரிட்டோரியாவில் நடந்த தாதா அப்துல்லாவின் வழக்கு 40,000 பவுண்டு சம்பந்தப்பட்டது. முழுக்கக் கணக்கு வழக்கு. காந்திக்குப் பிராமிசரி நோட்டு என்றால் என்னவென்று தெரியாது, பற்று வரவு தெரியாது. கணக்குப் பதிவு பற்றி ஒரு புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு படித்தார். பிறகு கட்சிக்காரரின் பேரேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். லண்டனில் ஒரு மூத்தவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: சட்டத்தில் முக்கால் பங்கு நிகழ்வுகள்தான். நிகழ்வை முழுக்கத் தெரிந்துகொண்டால் சட்டம் தானே துணைக்கு வரும்.

பம்பாயில் கேள்வி வராமல் நின்றவருக்கும் பிரிட்டோரியாவில் சீனியர்களுக்குக் கேஸ் தயாரித்துக் கொடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வருடப் படிப்புதான் என்று நினைக்கிறேன். அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்த வருடம். இன்று சீனியரிடம் இருக்கும் ஜூனியருக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் பதிவுக் கட்டணம் சட்டத்தில் உள்ள 750 ரூபாயைத் தாண்டக்கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் நுழைவாசலை அகலப்படுத்தும் காரியங்கள். சுற்றறிக்கை ஒரு வழிகாட்டுதல் மட்டும்தான் என்பதால் எல்லா சீனியரும் கொடுப்பார்கள் என்று எண்ணி யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆனாலும் கேட்டு வாங்க வேண்டிய தொகைதான், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போய், தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் தீர்ப்பானது. மொத்தமாகக் கட்டினால் எதிர்த்தரப்பு திவாலாகிவிடும். தவணையில் கட்ட இரு தரப்பையும் காந்தி இணங்க வைத்தார். அதற்குப் பிறகு தன் தொழில் காலத்தில் நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சமரசத்தில் முடித்ததாகவும், அதனால் பணம்கூட நஷ்டமாகவில்லை என்றும் எழுதுகிறார். சமரசம் செய்தால் வாய்தாவுக்கு வாய்தா வரும் பீஸ் போய்விடுமே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் நின்றவரே இரண்டு வருடம் கழித்துத் தன் கேஸ் கட்டோடு என் ஆபீஸ் படி ஏறியதை நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன்.

டர்பன்: இருபது பெயர்கள்

இந்த ஆய்வின் நடு மையம் 1894 டர்பன். இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்க்க அங்கேயே தங்கும்படி வியாபாரிகள் கேட்டார்கள். பொது வேலைக்குச் சம்பளம் வாங்க மாட்டேன், ஆனால் தனி வீடு வைத்து நடத்த வருடத்துக்கு 300 பவுண்டாவது வேண்டும், அந்த அளவுக்கு உங்கள் வக்கீல் வேலையைத் தருவதாக இருந்தால் தங்குகிறேன் என்றார். சுமார் இருபது வியாபாரிகள் ஒரு வருடத்துக்கான ரீடெய்னரை, அதாவது தங்கள் வேலைக்கு அவரை வக்கீலாக அமர்த்தும் முன்பணத்தை, கொடுத்தார்கள். விடைபெறும்போது பணமுடிப்பாகக் கொடுக்க நினைத்திருந்ததற்குப் பதிலாகத் தாதா அப்துல்லா மேசை நாற்காலி வாங்கிப் போட்டார்.

இதில் நடந்தது என்னவென்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் செலவைக் கணக்குப் போட்டார். எண்ணை வாய்விட்டுச் சொன்னார். வருமானத்தை ஒருவரிடமிருந்து வாங்காமல் இருபது பேரிடம் பிரித்தார். ஒருவர் விலகினால் போவது இருபதில் ஒரு பங்கு, தொழில் இல்லை. வேலை முடிந்து பீஸுக்கு அலையாமல் வருடத் தொடக்கத்திலேயே உறுதி வாங்கினார். ஆபீஸ் சாமான் செலவு அவர் தலையில் விழவில்லை. இத்தனையும் அவர் டர்பன் அடங்கிய நேட்டாலில் வழக்கறிஞராகப் பதிவாவதற்கு முன்பே பேசி முடிந்த ஏற்பாடு. அங்குள்ள வக்கீல்கள் சங்கம் எதிர்த்தது, உச்ச நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த இருபது பேருக்கும் அவர் முன்பின் தெரியாதவர் இல்லை. பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவர், எதிர்த்தரப்பைத் திவாலாக்காமல் வழக்கை முடித்தவர் என்று தெரிந்தே வந்திருப்பார்கள். விளம்பரம் செய்ய நமக்கு அனுமதி இல்லை, பார் கவுன்சிலின் 36ஆம் விதி இன்றும் தடுக்கிறது. தனி வக்கீலுக்கு இருக்கிற வழி, செய்த வேலையைப் பார்த்தவர் இன்னொருவரிடம் சொல்வதுதான்.

முன்பணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஆர்.டி. சக்ஸேனா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசவும் 20ஆம் விதி விடாது. ஆகவே வேலை முடிந்த பிறகு கேட்கும் பீஸ் கட்சிக்காரரின் மனசாட்சியை நம்பித்தான் இருக்கிறது. காந்தியும் பீஸை வெற்றியோடு முடிச்சுப் போட்டதே இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் கூலி கூலிதான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

சில வருடங்களுக்கு முன் என் ஜூனியர் ஒருவர், "சார், நான் தனியா ஆபீஸ் போடலாம்னு இருக்கேன்" என்று வந்து நின்றார். நல்ல பையன், குறுக்கு விசாரணையில் கெட்டி. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் வேலை தரக்கூடிய இருபது பேரின் பெயரை எழுதச் சொன்னேன். என் பெயரைச் சொல்லி வந்தவர்கள் வேண்டாம், உன்னைத் தேடி வந்தவர்கள் மட்டும் என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்து ஏழு பெயர் எழுதினார். அதில் இரண்டை அவரே அடித்துவிட்டார். இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். போகும்போது பதினாறு பெயர் இருந்தது. ஒரு கூட்டுறவுச் சங்கம், இரண்டு நிலத்தரகர்கள், ஒரு பாத்திரக் கடைக்காரர், மீதி எல்லாம் சாதாரணக் குடும்பங்கள்.

பாலசுந்தரம்

டர்பனில் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் ஒழுக ஒரு தமிழர் அழுதுகொண்டு ஆபீஸில் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. எஜமான் அடித்திருந்தார். காந்தியிடம் இருந்த குமாஸ்தாவும் தமிழர். அவர்தான் கேட்டுக் கேட்டு எடுத்துச் சொன்னார். முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயச் சான்றிதழ் வாங்கினார்கள். அடுத்து நேராக மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் பிரமாண வாக்குமூலம். எஜமானுக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட, அந்த ஆளை அவரிடமிருந்து விடுவித்து வேறு எஜமானிடம் மாற்றுவதையே காந்தி நோக்கமாக வைத்தார், அப்படியே செய்தும் முடித்தார்.

பாலசுந்தரம் கொடுக்கப் பணம் ஏது? ஆனால் அந்தச் செய்தி ஒவ்வொரு ஒப்பந்தக் கூலியின் காதுக்கும் போனது, ஆபீஸுக்குக் கூலிகள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். இலவச வழக்கு எடுத்தால் நாளைக்குப் பணமாகத் திரும்பும் என்று கணக்குப் பண்ண இதை நான் சொல்லவில்லை. அந்த வரிசையில் பெரும்பாலோரிடம் பணம் கிடையாது. இருபது வியாபாரிகள் ஆபீஸ் வாடகையைத் தாங்கியதால்தான் அந்த ஆளை உட்கார வைத்துப் பேச நேரம் கிடைத்தது. மொழி தெரிந்த குமாஸ்தாவுக்குச் சம்பளம் கொடுக்கவும் முடிந்தது. வருமானத்தைப் பற்றிப் பேசுவதையே இழிவாக நினைக்கும் மூத்தவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

மறுபடி பம்பாய்

1901இல் இந்தியா திரும்பி, அடுத்த வருடம் பம்பாயில் மறுபடி ஆபீஸ் போட்டார். முன்பு மமீபாய் வழக்கைப் பாதியில் விட்ட அதே ஊர். இந்த முறை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. காரணம் என்று அவர் சொல்வது, தென்னாப்பிரிக்கக் கட்சிக்காரர்கள் அவ்வப்போது வேலை அனுப்பினார்கள், அதிலேயே செலவு ஓடியது என்பதுதான். பம்பாய் மாறவில்லை, அங்கிருந்த பெரிய வக்கீல்களும் அப்படியே இருந்தார்கள். கடலுக்கு அப்பால் அவரை நம்புகிற கொஞ்சம் பேர் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அதே வருடக் கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தந்தி வந்து ஆபீஸை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஜோகன்னஸ்பர்க்: வரவும் ஓட்டையும்

1903இல் ஜோகன்னஸ்பர்க்கில் போட்ட ஆபீஸ்தான் பெரியது. வேலை பெருகியதில் நாலு இந்திய குமாஸ்தாக்கள் போதாமல், டைப் அடிக்க மிஸ் டிக் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மாதம் 17 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு வைத்தார். சீக்கிரமே கணக்குப் புத்தகங்களும் ஆயிரக்கணக்கான பவுண்டு பணமும் அந்தப் பெண்ணின் பொறுப்புக்கு வந்தன. தனி வக்கீல் என்று போர்டில் இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் இன்னொரு நம்பிக்கையான கை இல்லாமல் வருமானம் ஏறாது.

இந்தியர் குடியிருப்பை நகராட்சி கையகப்படுத்தியபோது நஷ்டஈட்டு வழக்குகளில் பெரும்பாலானவை அவரிடம் வந்தன. குத்தகை ஒன்றுக்கு 10 பவுண்டு, முடிவு எதுவானாலும் சரி; ஜெயித்தால் தீர்ப்பாயம் தரும் செலவுத் தொகையும் சேரும். அந்தப் பத்தில் பாதி ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி போன்ற காரியத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சுமார் 70 வழக்கில் ஒன்றே ஒன்று தோற்றது. சின்ன பீஸ், ஒரே மாதிரி வேலை, எண்ணிக்கை அதிகம். பணம் கணிசமாகவே சேர்ந்தது. சேர்ந்த வேகத்தில் வெளியேயும் போனது. தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக அவர் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகைக்கு மாதம் 75 பவுண்டு அனுப்பிய காலம் உண்டு. அது அவர் சொந்தப் பணம், அவர் தேர்வு.

பத்ரியின் ஆயிரம் பவுண்டு அப்படி இல்லை. சைவ உணவகம் நடத்திய தெரிந்தவர் ஒருவர் கடன் கேட்டார். கட்சிக்காரர்கள் நம்பிக்கையாக வைத்துவிட்டுப் போகும் பெரிய தொகைகள் காந்தியிடம் இருந்தன. பத்ரி என்ற கட்சிக்காரரிடம் கேட்டார். "எனக்கு ஒன்றும் தெரியாது பாய், உங்களைத்தான் தெரியும்" என்று பத்ரி சொன்னார். கடன் போனது. இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வராது என்று தெரிந்துவிட்டது. காந்தி தன் கையிலிருந்து முழுவதையும் கட்டினார். இன்னொரு கட்சிக்காரர் அவரை அன்பாகக் கடிந்துகொண்டார்: கட்சிக்காரர் பணத்தை இப்படி எடுத்து ஆளினால் அந்த ஏழைகள் அழிவார்கள், நீங்களும் சீக்கிரம் பிச்சைக்காரர் ஆவீர்கள், அப்புறம் பொது வேலை எல்லாம் நின்றுபோகும்.

என் கண்ணெதிரே தனி வக்கீல்களின் தொழில் முறிந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திறமைக் குறைவால் முறிந்ததைக் குறைவாகவே பார்த்தேன். நஷ்டஈட்டுத் தொகை, சமரசத் தொகை, கோர்ட் கட்டணம் என்று வந்த பணம் வீட்டுப் பணத்தோடு கலந்துவிடுகிறது. ஒரு மாதம் வாடகைக்குக் கை நீள்கிறது. அடுத்த மாதம் அந்தக் கட்சிக்காரர் வந்து நிற்கிறார். கூட்டு நிறுவனத்தில் இதைக் கேட்க இன்னொரு பங்காளி இருப்பார். தனியாக இருப்பவரைக் கேட்க யாரும் இல்லை. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்று பார் கவுன்சிலின் 25ஆம் விதி சொல்கிறது, ஆனால் ஆபீஸுக்குள் வந்து யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை.

தொழில் தொடங்கிய முதல் மூன்று வருடம் என்னிடமும் ஒரே வங்கிக் கணக்குதான் இருந்தது. கோர்ட் கட்டணத்துக்கு என்று ஒரு பெரியவர் கொடுத்த பணத்தில் என் பையனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துக் கடன் வாங்கி அதை ஈடு செய்தேன். அந்த மூன்று நாளும் அந்தப் பெரியவர் போன் செய்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே இருந்தேன். அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது கணக்கைத் திறந்தேன். அதன் பாஸ் புத்தகம் இன்னமும் என் மனைவியிடம்தான் இருக்கிறது.